கூண்டுக்குப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள், கூண்டுக்குக் கிளி வாங்கும்போது நிறப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்க லவ்பேர்டும் ஆஸ்திரேலிய பட்ஜியும் ஒரே குச்சியில் உட்கார்ந்தால் அழகுதான்; லவ்பேர்டு பக்கத்திலிருப்பதன் கால்விரலைப் பார்த்துக் கடிக்கும் என்பது பிறகே தெரியவரும். பெரியது சிறியதை அடக்கும், அவ்வளவுதானே என்பார்கள். இல்லை, சுமார் 90 கிராம் காக்கட்டீல் கிளி, 50 கிராம் லவ்பேர்டைக் கண்டு ஒதுங்கிப் போகும். குஞ்சிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகிவிடும் என்ற வாதமும், முட்டையிடும் பருவம் வந்து கூட்டுப்பெட்டிக்கு உரிமைச் சண்டை தொடங்கும்வரைதான் செல்லும். பட்ஜியும் காக்கட்டீலும் விசாலமான கூண்டில், தனித்தனித் தீவனக் கிண்ணங்களோடு, ஓரளவு ஒத்துப்போகும். அங்கேயும் வம்புக்கு இழுப்பது பெரும்பாலும் சின்னதுதான். இந்தத் தலைவலியே வேண்டாம், நம்மூர்ப் பச்சைக்கிளி போதும் என்பவர்களுக்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றவாளிக் கூண்டைத் தயாராக வைத்திருக்கிறது.