மூன்றாவது பிள்ளைக்கு என்ன பெயர்?

புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் ஒரு மருமகள் மூன்றாவதாக உண்டாகியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் அது தமிழினத்தின் செல்வம். நர்சம்மாவின் பதிவேட்டில் அது ‘எச்.ஓ.பி.’, அதாவது இரண்டுக்கு மேற்பட்ட பேறு; இரண்டோடு ஏன் நிறுத்தவில்லை என்று மேலிடம் அவரைக் குடையப் போகிற கேஸ்.

2024 அக்டோபரில் சென்னையில் அறநிலையத் துறை நடத்திவைத்த கல்யாணங்களில், பதினாறு செல்வங்களைப் பதினாறு பிள்ளைகளாக்கிப் பேசினார் முதல்வர் ஸ்டாலின். அடுத்த மார்ச்சில் நாகப்பட்டினத்தில், உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். எல்லாம் தொகுதி மறுவரையறை பயம். அளவாகப் பெற்ற மாநிலத்துக்கு எம்.பி. இடம் குறைந்தால் அது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் டில்லியோடு உள்ள வழக்கை அரிமளத்துக்காரியின் வயிற்றிலா நடத்துவது?

பெயர் மாற்றுவதில் சர்க்கார்கள் கில்லாடிகள். நெருக்கடி நிலையில் ஆண்களைப் பிடித்துப் பிடித்து அறுத்ததில், ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றாலே சனம் ஓடியது. 1977-ல் வந்த ஜனதா ஆட்சி அதைக் ‘குடும்ப நலம்’ ஆக்கியது. கத்தி போகவில்லை, ஆம்பளையை விட்டுப் பொம்பளையிடம் வந்தது. நலம் என்று சொன்னால் வலிக்காதாம்!

இப்போது போர்டில் இனநலம். உள்ளே பழைய சரக்கு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான 18,000 ரூபாய் மகப்பேறு உதவி, முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டப் பணம் வேண்டுமா? ஆண் பிள்ளை இருக்கக் கூடாது. பெற்றவர்களில் ஒருவர் கருத்தடை ஆபரேஷன் செய்த சான்றிதழ் வேண்டும். மறுமணத்துக்குப் பின் உண்டான ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு, ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே என்று பேறுகால விடுப்பை மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை நடக்க விட்டார்கள். 2025 மே மாதம் நீதிபதிகள் சொல்லித்தான் விடிந்தது. நாகப்பட்டினத்து வாழ்த்துக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஆந்திர எம்.பி. அப்பலநாயுடு எவ்வளவோ தேவலை. மூன்றாவது பெண்ணானால் 50,000 ரூபாய், ஆணானால் பசுமாடு என்று விலையையாவது வெளிப்படையாகச் சொன்னார். இங்கே விலையும் இல்லை, விடுப்புக்கும் உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. வாழ்த்து மட்டும் தாராளம்.

பதினாறு கேட்கும் புண்ணியவான்களே, முதலில் அந்த விண்ணப்பங்களில் உள்ள ‘இரண்டை’ அடியுங்கள். பெறுவதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். நடுராத்திரியில் உதிரம் நிற்காமல் அவளை 108-ல் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு விரட்டும்போது, கூட ஏறப் போவது அவளைப் பெற்றவள்தான். எந்த எம்.பி.யும் அல்ல.