கணக்குப்பிள்ளை புல் நட்ட கதை

தோட்டத்து ஆட்களுக்குப் புல் என்றால் ஒரே அர்த்தம்தான்: வெட்ட வேண்டியது. கோப்பிக் காலத்துத் துரைமாருக்கு மலையில் ஒரு புல் தலைநீட்டினாலும் கௌரவக் குறைச்சல். மாதாமாதம் கொந்தராத்து விட்டு, சுரண்டியால் மலையை மொட்டையடித்தார்கள். மொட்டைத் தலையில் மழை விழுந்தது, மேல்மண் ஆற்றோடு போனது. போன மண்ணைப் பற்றி 1931இல் ஒரு குழு அறிக்கை எழுதியது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் புல் மீதான பகை மட்டும் தீரவில்லை. 2015இல் கிளைபோசேட் மருந்துக்குத் தடை வந்தபோது, தோட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் முதலில் புல்லை விலக்கித் தேயிலையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள்.

இப்படிப்பட்ட உலகத்தில் ஆயுள் முழுக்கப் புல்லு வெட்டுக்குப் பேர் போட்ட ஒரு கணக்குப்பிள்ளை, ஓய்வுபெற்று அரநாயக்கப் பக்கம் சரிவான ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். பெயர் எதற்கு, கணக்குப்பிள்ளை என்றாலே ஊருக்குத் தெரியும். வீட்டு முன்னால் அவருடைய சம்சாரத்தின் பூப்பாத்தி. செவ்வரத்தை, குரோட்டன், கேகாலை மாவட்டத்தில் வாசலுக்கு வாசல் நிற்கும் அந்தூரியம். அதன் நடுவே ஒரு குரோட்டன் பட்டுப்போய், பல் விழுந்த இடம்போல ஒரு காலி. டொரொன்டோவில் இருக்கும் மகள் வீடியோ அழைப்பில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த நாளே படங்கள் வந்தன. எல்லாம் புல். வெள்ளிக் குஞ்சம் வைத்த புல், செம்பு நிறப் புல், காற்றில் தலையாட்டும் புல்.

"அப்பா, இங்க எல்லா வீட்டிலயும் இதுதான். ஒண்ணு வாங்கி நடுங்க."

"வாங்கியா?" என்றார் கணக்குப்பிள்ளை.

மகள் சொன்னது பொய்யில்லை. மேல்நாட்டில் அழகுப்புல் வெறியைக் கிளப்பிவிட்டவர்களில் ஒருவர் கார்ல் ஃபோர்ஸ்டர். ஜெர்மனியில் போட்ஸ்டாமுக்குப் பக்கத்தில் பூங்கன்றுப் பண்ணை வைத்திருந்தவர், 1970இல் மறையும்வரை புல்லுக்காகப் பரிந்து பேசினார். அவர் பெயரையே ஒரு புல்லுக்கு வைத்தார்கள்; அது 2001இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் பல்லாண்டுச் செடியாகவும் தேர்வானது. நியூயோர்க்கில் கைவிட்ட ரயில் பாதை மேல் 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவில் பியெட் ஔடோல்ஃப் புல்லை விதம் விதமாக நட்டு வைத்ததைப் பார்க்கச் சனம் குவிகிறது. இந்தப் புல்லுகளின் அழகே பனிக்காலத்தில்தான்: காய்ந்து பொன்னிறமாகி, உறைபனியைத் தாங்கி நிற்கும். அரநாயக்கவில் இருப்பது மழைக்காலமும் அதைவிடப் பெரிய மழைக்காலமும். இங்கே காய்வதற்குத் துணிக்கே நேரம் கிடைப்பதில்லை.

இருந்தாலும் மகள் சொல். கண்டி வீதியோரத்துப் பூக்கன்றுக் கடை ஒன்றுக்குப் போனார். முதலில் காட்டியது பாம்பாஸ் புல். தென்னமெரிக்காவிலிருந்து கிளம்பிய இதன் குஞ்சம் கல்யாண மண்டபச் சோடனைக்கு ஆகும்; ஆனால் நியூசிலாந்தில் இதை விற்கவே கூடாது, அவ்வளவு பரவிவிட்டது. கணக்குப்பிள்ளை இலையின் ஓரத்தை மெல்ல வருடினார். விரலில் சிவப்பாய் ஒரு கோடு விழுந்தது.

"நானா, இது பரவுமா?"

"நல்லாப் பரவும் ஐயா! கவலையே வேணாம்."

கவலை அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்தது நீரூற்றுப் புல். இதன் பச்சைச் சாதி ஹவாயில் எரிமலைக் கற்களுக்கிடையே பரவி, காய்ந்து, காட்டுத் தீக்கு விறகாகிறது. கடையில் இருந்தது செங்கருநீலச் சாதி, பெரும்பாலும் விதை கட்டாது. ஆனால் தொட்டியின் விலையைக் கேட்டதும் அவர் மனத்தில் ஓர் ஆளின் நாள் பேரும் அதற்கு வெட்டக்கூடிய புல்லும் கணக்காகி ஓடின. மூன்றாவதாகக் காட்டிய மொண்டோ புல் நிழலிலும் சமர்த்தாக இருக்கும். ஒரே குறை, அது புல்லே இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். புல்லே இல்லாத புல்லுக்குக் காசு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வெறுங்கையோடு வந்தவரைப் பக்கத்து வீட்டு ஆயா மறித்தார். கணக்குப்பிள்ளை காலத்துப் புல்லு வெட்டுக் கொந்தராத்து முழுக்க அந்த ஆயாவின் கையில்.

"புல்லு வேணும்னு அலையுறீங்களாமே ஐயா? நாங் காலமெல்லாம் புடுங்கிப் போட்டத எங்கிட்டக் கேட்டா குடுக்க மாட்டேனா?"

ஆயாவின் பட்டியல் கடைப் பட்டியலைவிடப் பெரியது. மானாப்புல்: பூத்தால் அழகுதான், தீப்பிடித்தால் அதைவிட அழகு. குவாத்தமாலா: பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு வருஷம் இதையோ மானாவையோ வளர்த்து, வெட்டி, அங்கேயே பரப்பி மண்ணைத் தேற்றச் சொல்வது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பாடம்; ஆனால் பூப்பாத்தியில் நட்டால் அந்தூரியத்தை ஆளனுப்பித் தேட வேண்டும். கினிப்புல்லை மாட்டுத் தீனிக்கென்று யாரோ கொண்டுவந்தார்கள், இன்று மாட்டைவிட அதிகம். இலுக்கு? ஆயா ஒன்றைப் பிடுங்கியே காட்டினார். மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டின் நுனி ஊசி; கிழங்கையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். பாத்தியில் விட்டால் பாத்தி அதன் பேருக்கு எழுதியாகிவிடும்.

பட்டியல் முடிந்ததும் ஆயா பாத்தியைக் குனிந்து பார்த்தார். "குரோட்டன் ஏன் செத்துச்சின்னு பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பாத்தியின் கீழ்ப்பக்கம் ஆறடி மண்மேடு, கல்லும் இல்லை, கட்டும் இல்லை. கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து மண் கரைந்து, செத்த குரோட்டனின் வேர் அந்தரத்தில் தொங்கியது. நுனியில் சிவப்பு அடிமண் ஒரு கட்டி. பாத்தியில் காலியில்லை, காலி கீழே. மேலே என்ன நட்டாலும் அதுவும் ஒரு நாள் கீழே வரும்.

இந்த ஊரில் சரிவைப் பற்றி விளையாட்டாகப் பேச முடியாது. 2016 மே 17 அன்று, நாட்கணக்காகப் பெய்த மழையில் சாமசர மலை சரிந்து சிறிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே பகுதிகளை மூடியது. மாண்டவர்களும் காணாமற் போனவர்களுமாக நூறு பேருக்கு மேல். அந்த மாதிரி ஆழத்திலிருந்து கிளம்பும் சரிவை எந்தப் புல்லும் நிறுத்தாது. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் வீட்டுக்குப் பின்னாலும் முன்னாலும் கரையும் மேல்மண்ணுக்குப் புல் ஆகும். அதற்கென்றே பேர் வாங்கியது வெட்டிவேர்.

சர்பத்துக்கும் விசிறிக்கும் போக, மண்ணுக்கும் இது வேலை செய்யும் என்பதை உலகம் தாமதமாகத்தான் கவனித்தது. உலக வங்கி 1980களில் இந்தியாவில் பிரசாரம் செய்தது. தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1991 முதல் நாடெங்கும் நடச் சொன்னார். 1993இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இதற்கென்றே ஒரு நூல் போட்டது. வேர் பக்கத்தில் படராமல் நேராக இறங்கும், மூன்று நான்கு மீற்றர்வரை. தென்னிந்தியச் சாதி முளைக்கும் விதை கட்டாது, ஆகவே பரவாது. "பரவாது" என்று கேட்டதும் கணக்குப்பிள்ளையின் முகம் தெளிந்தது. நிழல் மட்டும் ஆகாது. நல்ல காலம், அவருடைய மண்மேட்டில் மர நிழல் விழவில்லை.

ஆயாவும் ஊர்ப் பொடியன்களும் அவருமாகத் தூர் பிரித்து நட்டார்கள். பழைய உத்தியோகம் சும்மா விடுமா? குறுக்கே கயிறு கட்டி, மட்டம் பார்த்து, சாணுக்குள் ஒன்றாக நட வைத்தார். ஆயா நட்ட தூரெல்லாம் பிடித்தது. அவரே நட்டவற்றில் சில பிடிக்கவில்லை. அவை பொடியன்கள் நட்டதாகப் பதிவாகின.

மகளுக்குப் பெரிய வருத்தம். இதுவும் பூக்குமே, ஊதாக் குஞ்சம் வருமே என்று எங்கோ படித்துவிட்டுக் கேட்டாள். வரும். ஆனால் வேலியாக நெருங்கித் தூர் கட்ட வேண்டுமானால் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட வேண்டும். குஞ்சம் எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்து அவர் கத்தியோடு இறங்கிவிடுகிறார். வெட்டியதை ஆயாவின் மாடு தின்கிறது.

மேலே, குரோட்டன் செத்த இடத்தில் சம்சாரம் யாரையும் கேட்காமல் இன்னுமொரு அந்தூரியம் வைத்துவிட்டார். கடைக்கார நானாவிடம் பேரம் பேசி அரை விலைக்கு வாங்கியது. கணவர் அன்று வந்து இலையைத் தடவிக் கையைக் கீறிக்கொண்டு போனதற்குக் கழிவாம்.