ரப்பர் புழு சைவமா?

ஆய்வுப் பொருள்: மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேல்தட்டில், கடுகு டப்பாவை ஒட்டிக் கிடந்த 6 ரப்பர் புழுக்கள். கொடுவா மீன் பிடிக்கத் தூண்டில் இரையாக வாங்கியவை. (இங்கே அதற்கு ஜிதாடா என்று பெயர். பிடித்ததை நீரிலேயே விட்டுவிடுவேன், சைவக் குடும்பம்.) "ஏண்டா, இது சைவமா அசைவமா?" என்று அம்மா கேட்டதில் பிறந்தது இவ்வாராய்ச்சி.

வரலாறு சிறியது. 1949இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் வினைலை வீட்டு அடுப்பில் உருக்கி வார்த்த புழுதான் இதற்கு மூதாதை. ஆக, இவ்வினம் பிறந்த இடமே சமையலறை. இந்த வாதம் அம்மாவிடம் எடுபடவில்லை.

பூர்வபட்சம்: பிளாஸ்டிக்குக்கு உயிரில்லை, ஆகவே சைவம். இதை மறுத்தவர் தாராவி 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் நெல்லை நண்பர். எந்தத் துண்டையும் தட்டிப் பார்த்தே ரகம் சொல்பவர், ஆகவே பிரமாணம். "பெட்ரோல் எதுலருந்துல வருது? கோடி வருசம் முந்தி கடல்ல செத்த உசுருலருந்துல்லா!"

சமாதானம்: இந்த வினைல், அதாவது பிவிசியின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின், அது உப்பிலிருந்து வருவது. பெரும்பான்மை சைவம். ஆனால் புழு நெளிய வேண்டுமென்று எண்ணெய் வேறு தாராளமாகச் சேர்க்கிறார்கள். பெரும்பான்மை கவிழ்கிறது.

அடுத்தது வாசனை. சோம்பு ரகம் ஏற்புடையது. பூண்டு ரகம் எங்கள் வீட்டுப் படியேறாது. கணவாய் ரகம் விவாதத்துக்கே தகுதியற்றது. கொடுவா பெரிதும் பார்ப்பது வாசனையை அல்ல. புழுவின் வால் துடிக்கும் அதிர்வைத் தன் உடலின் பக்கக்கோட்டால் உணர்ந்து பாய்கிறது. புழுவை அடிவரை இறக்கி, நிறுத்தி, லேசாகச் சுண்டவேண்டும். அவசரப்பட்டுச் சுருட்டுபவனுக்குப் பாசிதான் மிச்சம். அம்மீனிடமே கேட்கலாமென்றால், ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் ஜீவன் அது; வகைப்பாடு பற்றி அதற்குக் கருத்து இருக்க வாய்ப்பில்லை.

இந்நிலையில் பரிசோதனை தானே நடந்தது. இவ்வகைப் புழுவின் எண்ணெய் கசிந்து சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கடுகு டப்பாவின் ஒரு பக்கம் குழைந்து, புழுவின் வடிவிலேயே பள்ளமாயிற்று.

அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தன் இனத்தையே திங்கறது சைவமாடா?"

புழுக்கள் இப்போது அவை வந்த பையிலேயே, வாசலில் செருப்பு ஸ்டாண்டில் இருக்கின்றன. கடுகு எவர்சில்வருக்கு மாறிவிட்டது.