காகிதம்தான் வெயில்

நீர்வண்ணத்தில் ஊரும் வீடும் மலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: நான் வரையும் மலை வீட்டின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தள்ளி வைப்பது எப்படி? (வாசகர், போடிநாயக்கனூர்)

ப: நடுவில் காற்றை வையுங்கள். உங்கள் தெருவுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் பச்சை மலை நீலமாகத் தெரிகிறது. அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர். பின்னால் போகப்போக ஒவ்வொரு மலையும் இன்னும் வெளிறட்டும். அடிவாரத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். மலைமேல் மரம் எண்ண வேண்டாம். படத்திலேயே கறுத்த இடம் முன்வீட்டு வாசலாக இருந்தால், மலை தானே பின்வாங்கும்.

கே: சுண்ணாம்புச் சுவருக்கு எந்த வெள்ளை வாங்கலாம்? (வாசகி, தென்காசி)

ப: வாங்கியாகிவிட்டது, காகிதம்தான் அது. இங்கிலாந்து ஓவியர் தாமஸ் கர்ட்டின் 1800-ல் தீட்டிய ‘செல்சியில் வெள்ளை வீடு’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். அந்தி மங்கலில், தேம்ஸ் நதிக்கரையில் அந்தச் சின்ன வீடு மட்டும் பளிச்சென்று நிற்கும். அதற்கு அவர் வண்ணமே பூசவில்லை, காகிதத்தை விட்டுவைத்தார். நீங்களும் வெயில் படும் சுவரைப் பென்சிலால் குறித்த பிறகே தூரிகையை நனையுங்கள். மூடிய வெள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

கே: ஓட்டுக் கூரையில் ஒவ்வொரு ஓடாக வரைய வேண்டுமா? (வாசகர், பொள்ளாச்சி)

ப: அது ஓடு வேய்பவர் வேலை. கூரை முழுவதையும் ஒரே பூச்சில் முடியுங்கள். ஈரம் இருக்கும்போதே அடர்ந்த பழுப்பை இரண்டு மூன்று இடங்களில் தொட்டுவிட்டால் தானே பரவும். காய்ந்தபின் விளிம்பை ஒட்டி நாலைந்து ஓடு காட்டினால் போதும். மீதியைப் பார்ப்பவர் கண்ணே அடுக்கிக்கொள்ளும். மிச்சமான பொறுமையைக் கூரைக்கடியில் சுவர்மேல் விழும் நிழலுக்குக் கொடுங்கள். அந்த ஊதாக் கீற்றுதான் சுவரில் வெயில் அடிக்க வைக்கிறது.

கே: என் வீடுகள் எல்லாம் சரிந்து விழுகின்றனவே? (வாசகி, திண்டுக்கல்)

ப: முதலில் உங்கள் கண்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பக்கச் சுவரில், அதற்கு மேலே உள்ள கிடைக்கோடுகள் தூரம் போகப்போக இறங்கும்; கீழே உள்ளவை ஏறும். கதவு நிலையும் சுவர் மூலையும் நேராகவே நிற்க வேண்டும்.

கே: வானத்தில் காலிஃபிளவர் பூத்துவிட்டது! (வாசகர், கோவை)

ப: பாதி காய்ந்த பூச்சில் தண்ணீர் மிகுந்த தூரிகையை வைத்திருக்கிறீர்கள். புதுத் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். காகிதம் மினுமினுக்கும்வரை தொடலாம். மினுமினுப்பு மங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

கே: காகிதம் நெளிகிறது, வண்ணமும் காய்ந்தால் வெளுக்கிறது. எதை மாற்றட்டும்? (வாசகர், சேலம்)

ப: காகிதத்தை. 300 ஜிஎஸ்எம் கனம் வேண்டும். பருத்திக் காகிதம் என்றால் இன்னும் நல்லது. நான்கு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டுங்கள். வெளுப்பது நீர்வண்ணத்தின் குணம். அதனால் ஈரத்தில் ஒரு படி தூக்கலாகவே பூசுங்கள். துண்டுக் காகிதத்தில் காயவிட்டுப் பார்த்தால் அளவு பிடிபடும்.

கே: செல்போன் படத்தைப் பார்த்து வரையலாமா? (வாசகி, மதுரை)

ப: வரையலாம், அதற்கு முன் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். செல்போன் படத்தில் நிழல் பெரும்பாலும் வெறும் கறுப்பாகிவிடும். நிழலுக்குள் வானத்து நீலமும் செம்மண் சாயலும் கலந்திருப்பது கண்ணுக்குத்தான் தெரியும். உச்சிவெயில் வேண்டாம்; காலைப் பக்கவெயிலில்தான் சுவர் மூலையும் மலை மடிப்பும் எடுப்பாகத் தெரியும். ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் வீடுகளாகி வருகின்றன. உங்கள் ஊரில் மிச்சமிருப்பவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வரைந்துவிடுங்கள்.