சந்நியாசி வீட்டுக் கிரகப்பிரவேசம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டாவது வேண்டாம் என்று ஓடிப்போன ஒரு கூட்டம், முதலாவதில் வசமாக மாட்டிக்கொண்ட கதை இது.

ராமகிருஷ்ணர் 1886-ல் மறைந்த பிறகு பிள்ளைகள் மாதிரி இருந்த அவருடைய துறவிச் சீடர்களுக்கு வாடகை வீடுதான் கதி. முதலில் வராகநகரில் ஒரு பாழடைந்த வீடு. பேய் இருக்கிறது என்று ஊரார் ஒதுக்கிய வீடு என்பதால் வாடகை கட்டுப்படியானது. அடுத்தது ஆலம்பஜார். அந்த வீட்டை 1897 ஜூன் பூகம்பம் ஒரு கை பார்த்துவிட்டது. 1898 பிப்ரவரியில் மூட்டை முடிச்சோடு கங்கையைத் தாண்டி, பேலூரில் நீலாம்பர் முகர்ஜியின் தோட்ட வீட்டுக்கு ஜாகை மாற்றினார்கள். மூட்டைகளில் முக்கியமானது ஒரு கலசம். அதில் குருவின் அஸ்தி.

அடுத்த மாதமே அருகில் நிலம் வாங்கியாயிற்று. விலை 39,000 ரூபாய். பணம் ஹென்ரியெட்டா முல்லர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியுடையது. அந்த வருஷம் முடிவதற்குள் அவர், சீடர்களின் தலைவரான விவேகானந்தரோடு உறவை முறித்துக்கொண்டு கிறிஸ்தவத்துக்கே திரும்பிவிட்டார். நல்லவேளை, கிரயம் முன்னாலேயே முடிந்திருந்தது.

நிலம் என்றால் தோப்பும் துரவும் என்று நினைத்துவிட வேண்டாம். படகு ரிப்பேர் பார்த்த இடம். எங்கே கால் வைத்தாலும் மேடு, இல்லாவிட்டால் பள்ளம். அதைச் சமப்படுத்தும் பொறுப்பு அத்வைதானந்தருக்கு வந்தது. எல்லோருக்கும் அவர் 'கோபால் அண்ணா'. எழுபது வயது. குருவைவிடவே எட்டு வயது மூத்த சீடர்! கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி எல்லாம் ஒழுங்காக இருந்தாக வேண்டும் அவருக்கு. இளவட்டங்களுக்கு அவரிடம் வசவு வாங்காத நாள் அபூர்வம். கட்டட வேலை விஞ்ஞானானந்தர் தலையில். பூர்வாசிரமத்தில் அவர் ஜில்லா இன்ஜினியர். செங்கல்லும் சுண்ணாம்பும் வேண்டாம் என்று வேலையை உதறிவிட்டுக் காவி கட்டினால், மடத்திலும் அதே செங்கல், அதே சுண்ணாம்பு. இங்கே சம்பளம் மட்டும் கிடையாது.

அந்த நிலத்தில் ஆற்றங்கரையோரம் ஒரு பழைய வீடு நின்றது. மனுஷர் குடியிருக்க லாயக்கில்லை என்பது விவேகானந்தரின் கட்சி. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஜோசபின் மெக்லியாடும் சாரா புல்லும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கல்கத்தா கடைத்தெருவில் அலைந்து பழைய மஹோகனி சாமான்களாக வாங்கிப் போட்டார்கள். அயர்லாந்து டீச்சரம்மா மார்கரெட் நோபிளும் வந்து சேர்ந்துகொண்டார். அங்கே இருக்கும்போதுதான் அவர் 'நிவேதிதா' ஆனார். வீடு ஜம்மென்று ஆனதும் விவேகானந்தர் பழைய பேச்சை மறந்துவிட்டார். தன்னைப் பார்க்க வருகிறவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டுவதில் அவருக்குப் பெருமையான பெருமை. காலையில் டீயும் அங்கேயே, பெரிய மாமரத்தடியில். பிற்பாடு மடத்துக்காரர்களுக்கு அந்த மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு. மெக்லியாட் அம்மாள் விடவேயில்லை.

நவம்பர் 12 அன்று ராமகிருஷ்ணரின் மனைவி சாரதா தேவியார் புது இடத்தைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் என்னதான் பெருக்கி வைத்தாலும் அம்மாக்களுக்குத் திருப்தி வருமா? தம் கையாலேயே ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, கணவரின் படத்தை வைத்துப் பூஜை பண்ணிவிட்டுத்தான் கிளம்பினார்.

டிசம்பர் 9-ஆம் தேதி கிரகப்பிரவேசம். கலசத்தை விவேகானந்தரே தோளில் தூக்கி வந்தார். நீ தோளில் சுமந்துபோய் எங்கே வைத்தாலும் அங்கே இருப்பேன் என்று குரு சொல்லி வைத்திருந்தாராம். பூஜை, ஹோமம், பாயசம், எதிலும் குறையில்லை. அஸ்திக்குப் பத்து வருஷத்துக்கு மேல் கண்ணை இமை காப்பது போல் பூஜை பண்ணி வந்த சசி மகராஜைத்தான் முந்தின வருஷமே சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். நம் கடற்கரை ஐஸ் ஹவுஸில் அவர் ஜாகை.

விழா முடிந்ததா? கலசத்தை ஒரு சீடர் தலையில் ஏற்றி, எல்லோரும் திரும்ப நீலாம்பர் வீட்டுக்கே நடந்தார்கள். புது வீட்டில் வேலை பாக்கி! பாயசம் சாப்பிட்டுவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்பும் கிரகப்பிரவேசம் நம் தெருவிலும் நடப்பதுதான். நிரந்தரமாகக் குடி வந்தது 1899 ஜனவரி 2-ஆம் தேதி.

வீடு என்று வந்தால் வரி வராமலா போகும்? பாலி நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது: இது மடமல்ல, நரேந்திரநாத் தத்தரின் (அதாவது விவேகானந்தரின்) உல்லாசத் தோட்ட பங்களா, ஆகவே கூடுதல் வரி. காட்டிய காரணங்களில் ஒன்று, சாமியார்கள் டீ குடிக்கிறார்கள் என்பது. உலகத்தையே துறந்தவர்கள் வீட்டு வரிக்காகக் கோர்ட் படி ஏறினார்கள். ஜெயித்தார்கள். டீயை மட்டும் கடைசிவரை துறக்கவில்லை.