கைராசியும் கையெழுத்தும்

கிள்ளானில் ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்தால் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “கைராசிக்காரர்” என்பார்கள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. என் மச்சான் சாதாரணச் சளிக்கே கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய்வருவார். அங்கே ஓர் ஊசி, பிறகு ஒரு வாழையிலைச் சாப்பாடு. குணமானதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அவர் இதுவரை கணக்குப் பார்த்ததில்லை.

நான் அவ்வளவு தூரம் போவதில்லை. எங்கள் தாமானிலேயே ஒரு கிளினிக் உண்டு. அங்குள்ள டாக்டரும் கைராசிக்காரர்தான். சிக்கல் என் பெயரில். முருகனுக்கு ஓர் ஆளுக்கு ஆறு முகம். எங்கள் தாமானில் ஆறு ஆளுக்கு ஒரே பெயர், ஆறுமுகம்.

ஒருநாள் இருமலுக்குப் போயிருந்தேன். மிஸ்ஸி “ஆறுமுகம்!” என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்தோம். என் முழங்கால் கொஞ்சம் நன்றாக இருந்ததால் நான் முந்திக்கொண்டேன். மருந்துப் பையை யார் பிரித்துப் பார்ப்பது? எம்.சி.யில் தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உறையைப் படித்தது மனைவிதான். மெட்ஃபார்மின்.

“என்னங்க, உங்களுக்கு எப்போ இனிப்புநீர் வந்துச்சு?”

“இருமலுக்குத்தானே போனேன்!”

“அப்போ வெளியில ரெண்டு தே தாரேக் குடிக்கிறீங்கன்னு சொன்னது உண்மைதான்.”

விசாரணை முற்றுவதற்குள் கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே இன்னொரு ஆறுமுகம் என் இருமல் மருந்தை ஏந்திக்கொண்டு, “எனக்கு இருமலே இல்லையே, மிஸ்ஸி” என்று மன்றாடிக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் ஆறுமுகம்தானே, அங்கிள்” என்றாள் அவள். பதில் சொல்ல முடியாத வாதம்.

அந்த எரிச்சலில்தான் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். மலேசியாவில் 12 அரசு கிளினிக்குகளில் 1,753 நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் தவறியது 3.6 விழுக்காட்டில்தான். மருந்து விஷயத்தில் பிழை 41.1 விழுக்காட்டில். புரியாத கிறுக்கல் உட்பட எழுத்துக் குறைகளோ 98 விழுக்காட்டில்! கண்ட பிழைகளில் 93.5 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவையாம். ஆக, கைராசிக்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்துதான் படுத்த படுக்கை.

அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் மருந்தாளுநரின் கண்ணும் சேர்ந்து கிடைக்கும். தனியார் கிளினிக்கில் மருந்து எழுதுவதும் டாக்டர், கொடுப்பதும் அவருடைய கவுண்டர். நடுவில் “இது யாருக்கு, எதுக்கு?” என்று கேட்க ஆளில்லை. சம்பளம் இல்லாத அந்த வேலையில் நானே சேர்ந்துவிட்டேன்.

சுகாதார அமைச்சு 2013-இல் வகுத்த நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில், ஆளை இரண்டு அடையாளங்களால் உறுதிசெய்ய வேண்டும் என்பதும் ஒன்று. அதனால் இப்போதெல்லாம் கவுண்டரில் என் பெயரோடு ஐசியின் 12 எண்களையும் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல் ஒப்பிப்பேன். மாத்திரையின் பெயர் என்ன, எதற்கு, பசியாறும் முன்பா பின்பா என்று கேட்பேன். பின்னால் நிற்பவர்கள் இருமுவார்கள். அது நோய் இருமல் அல்ல.

போன வாரம் மிஸ்ஸி முந்திக்கொண்டாள். “ஆறுமுகம், ஐசி கடைசி நாலு எண்...” என்று எண்ணையும் சேர்த்தே கூப்பிட்டாள். எழுந்தது நான் ஒருவன்தான். பை சரி, மருந்து சரி, மூன்றே நாளில் இருமலும் நின்றது.

“பாத்தீங்களா, அந்த மிஸ்ஸிக்கும் கைராசி வந்துருச்சு” என்றாள் மனைவி.