அத்தைக்கு ஒரு டம்ளர் சந்தனம்

தெரிந்த விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன சித்திரையில் மாமியார் மைசூருக்கு வந்தபோதும் அதுதான் வினையாகிவிட்டது.

சந்தன ஊரில் இருந்துகொண்டு எலுமிச்சை சர்பத்தா கொடுப்பது என்று எனக்கு ஒரு ரோஷம். தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் விரல் நீளக் கட்டை ஒன்றை, விலை கேட்டதில் வந்த கிறுகிறுப்போடு வாங்கிவந்தேன். கல்லில் முக்கால் மணி நேரம் இழைத்ததில் கட்டையைவிட என் நகம்தான் அதிகம் தேய்ந்தது. திரண்டது அரை ஸ்பூன். அதைச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, ஜில்லென்று நீட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அத்தை, இந்த வாசனைக்குக் காரணம் சான்டலால். நல்ல சந்தன எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். ரசாயனப்படி பார்த்தா அது ஒரு ஆல்கஹால்" என்றேன்.

டம்ளர் உதட்டுக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது.

"இதுல என்ன கலந்திருக்கீங்க மாப்பிள்ளை?"

போதையே கிடையாது, தின்பண்டத்துக்கு மணம் சேர்க்கிற சமாசாரம்தான் என்று மன்றாடினேன். முதல் உலகப் போரில் கட்டைகளை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் தேங்கியதால், 1916இல் மைசூர் சமஸ்தானமே எண்ணெய் ஆலை வைத்து இதைக் காய்ச்சி வடித்தது என்று சரித்திரத்தையும் துணைக்கு அழைத்தேன். அவர் காதில் விழுந்தது 'காய்ச்சி வடித்தது' மட்டும்தான். "நீங்க தினமும் நெற்றியில் இட்டுக்கிறதும் இதேதான்" என்றது அடுத்த தப்பு. மறுநாள் காலையில் நெற்றியில் வெறும் விபூதி.

மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மரியாதைக்காரர், ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சென்னாகிதெ சார். டவல் எல்லி?" என்று துண்டைக் கேட்டார். சந்தனம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குக் குளியலறை ஞாபகம்தான் வருகிறது, என்ன செய்ய?

சான்டலால் தண்ணீரில் கரையாது, லேசில் ஆவியும் ஆகாது. அத்தர்க்காரர்கள் அதைக் கொண்டாடுவதே அதனால்தான். நான் பாகு காய்ச்சியது பால் பாத்திரத்தில். புளி, சாம்பல், வெயில் எதற்கும் மசியாமல் நாலு நாளைக்குக் காபி கல்யாண வீட்டு வாசல்போல மணந்தது. "என்னங்க, இனிமே நீங்க தெரிஞ்சுக்கவே வேண்டாம்" என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் மாமியார் ஊருக்கு போன் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றுகிற குரல்.

"சேச்சே, மாப்பிள்ளைக்குக் குடியெல்லாம் ஒண்ணும் கிடையாதுடி. வீட்டுல காய்ச்சுறதோட சரி."